முப்பது மதிப்பெண் நோட்டு

வணக்கம் நேயர்களே.

நான் குடியிருப்பது லாஸ்பேட்டையில். சட்டம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் லாஸ்பேட்டையில் இருப்பது பொருத்தம்தான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அந்த ‘லா’ சட்டம் இல்லை, பிரெஞ்சு கவர்னர் ஒருவரின் பெயர். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நிலையத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு, சட்டக் கல்லூரிகளில் கல்வி நிர்வாகமும் தர உறுதியும். தலைப்பைக் கேட்டதுமே பாதிப் பேர் ரேடியோவை அணைத்துவிடுவார்களே என்று பயமாக இருந்தது. அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

சட்டம் படிக்கிற மாணவர், படிப்பு முடிவதற்குள் இரண்டு வழக்குகளின் விசாரணையை நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒன்று சிவில், ஒன்று கிரிமினல். பார்த்ததை நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு 30 மதிப்பெண். மாதிரி நீதிமன்றத்தில் மூன்று முறை வாதாடுவதற்கு இன்னொரு 30, கட்சிக்காரரிடம் விவரம் கேட்டு வழக்குக்குத் தயார் செய்வதற்கு 30, நேர்முகத் தேர்வுக்கு 10. வழக்கறிஞர் தொழிலையும் சட்டப் படிப்பையும் முறைப்படுத்துகிற இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் உள்ள கணக்கு இது.

வேறு ஊரில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தபோது, ஒரு நாள் சாயங்காலம் அந்த நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் நோட்டில், குறுக்கு விசாரணையின் நடுவே சாட்சி தண்ணீர் கேட்கிறார். நன்றாகக் கவனித்திருக்கிறானே என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது நோட்டிலும் சாட்சிக்குத் தாகம். ஆறாவது நோட்டு வரைக்கும் அந்த மனுஷனுக்குத் தாகம் தீரவில்லை. தேதியைக் காலண்டரில் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை!

கோபம் வந்தது உண்மை. ஆனால் முந்தைய வருடங்களில் இதே நோட்டுகளுக்கு, இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு 26, 27 என்று போட்டவனும் நான்தானே. அந்த நோட்டெல்லாம் அட்டை போட்டு, எண் போட்டு, ஆய்வுக் குழு வந்தபோது மேசையில் அழகாக அடுக்கப்பட்டிருந்தது. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

சட்டக் கல்லூரியைக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம், சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கிற பொறுப்பைப் பல்கலைக்கழகங்களோடும் மாநில பார் கவுன்சில்களோடும் கலந்து செய்யும்படி இந்திய பார் கவுன்சிலுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கென்று பத்துப் பேர் கொண்ட சட்டக் கல்விக் குழுவும் உண்டு. பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்தின் கையில். அப்புறம் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச் சான்று கொடுக்க 1994இல் வந்த நாக். வீட்டுக்கு நாலு மாமியார் மாதிரி. நாலு பேரும் வந்து அடுப்படியைப் பார்க்கிறார்கள், யாரும் சோற்றை வாயில் போட்டுப் பார்ப்பதில்லை. நூலகத்தில் எத்தனை புத்தகம், எத்தனை ஆசிரியர், மாதிரி நீதிமன்றக் கூடம் இருக்கிறதா என்பதெல்லாம் எண்ணிவிடக் கூடியவை. தாகம் எடுத்த சாட்சி எந்தப் படிவத்திலும் அகப்பட மாட்டார். பட்டம் வாங்கினவரும் வக்கீல் தொழில் செய்ய எழுதித் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வை 2011இல் இருந்து நடத்துகிறார்களே, கல்லூரி கொடுக்கிற பட்டத்தை மட்டும் நம்ப முடியவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய ஒப்புதல் வேண்டுமா?

நோட்டு எழுதிய பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் சொன்னான்: “நாலு தடவை போனேன் சார். நாலு தடவையும் வாய்தா. இன்னும் போனா அட்டெண்டன்ஸ் எழுபதுக்குக் கீழே போயிடும்.”

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பதும் அதே விதிப் புத்தகம்தான். தக்க காரணம் இருந்தால் ஒரு பாடத்தில் 65 வரை முதல்வர் தளர்த்தலாம், ஆனால் எல்லாப் பாடமும் சேர்த்து 70 வந்தாக வேண்டும். நீதிமன்றம் நடக்கிற நேரத்தில்தான் கல்லூரியும் நடக்கிறது. ஒரு விதியை நிறைவேற்றப் போனால் இன்னொரு விதி காலை வாருகிறது. பையன் பொய் எழுதினான், சரி. அவனைப் பொய் எழுத வைத்தது நாங்கள் போட்ட கால அட்டவணை.

இதைத் துறைக் கூட்டத்தில் வைத்தேன். ஒரு வருடம் முழுக்க மினிட்ஸில் ‘விவாதிக்கப்பட்டது’ என்றே பதிவானது. அந்தச் சொல்லைப் போலச் சௌகரியமான சொல் தமிழில் வேறு இல்லை. அடுத்து வந்த முதல்வர் ஒரு காரியம் செய்தார். மினிட்ஸ் நோட்டில் கோடு கிழித்து இரண்டு கட்டம் சேர்த்தார்: செய்ய வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள். அவ்வளவுதான். மூன்றே மாதத்தில் வாரத்தில் ஒரு நாள் நீதிமன்ற நாளாகி, அங்கே போனால் அதுவே வருகைப் பதிவு என்றானது. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் கூடவே போனார். பஸ் காசு யார் கொடுப்பது என்று ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை நடந்தது, அதை விடுங்கள். அந்த வருடம் மதிப்பெண் சரிந்தது. பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள்.

நீதிமன்றத்துக்கு ஒழுங்காகப் போனால் இன்னொரு லாபமும் உண்டு. நம் புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாகப் பிரிவினை வழக்கில் திடீரென்று நொத்தேர், அதாவது பிரெஞ்சு முறை நோட்டரி, பிரெஞ்சில் எழுதின பத்திரம் வந்து நிற்கும். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன ரெனோன்சான் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு வருகிற மாணவர் வகுப்பில் கேள்வி கேட்பார். ஆசிரியர் அதைப் பாடத்திட்டக் குழுவுக்கு எடுத்துப் போகலாம். டெல்லியில் இருந்து வருகிற குழுவுக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

நான் ஓய்வு பெற்ற வருடம் திருத்திய நோட்டுகளில் ஒரு மாணவியின் நோட்டு இருந்தது. மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: “இன்று விசாரணை இல்லை. நீதிபதி விடுப்பு. சாட்சி சொல்ல வந்த பாட்டி மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டார். இது ஐந்தாவது தடவை என்றார், இன்றைய கூலியும் போச்சு என்றார்.”

நேர்முகத் தேர்வில் அந்தப் பாட்டியைப் பற்றித்தான் கேட்டேன். நேரம் முடிந்தும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

வணக்கம்.