ஐம்பது யார்டு மைதானத்தில் ஒரு முதல் சீசன்: ஐயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ், 1995

[திரையில்: அமெரிக்க வரைபடம். நடுவில் ஐயோவா மாநிலம், அதில் டெமாயின் நகரம்.]

வணக்கம். 1995ஆம் ஆண்டு கோடைக்காலம். சோள வயல்கள் சூழ்ந்த ஐயோவா மாநிலத்தின் தலைநகர் டெமாயின். பெரிய தொழில்முறை லீக்குகளில் ஓர் அணிகூட இல்லாத மாநிலம் இது. அங்கே ஒரு புது அணி களம் இறங்குகிறது. பெயர் ஐயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ். ஆடப்போவது ஃபுட்பால், ஆனால் கூரைக்கு அடியில்.

ஃபுட்பால் என்றால் இங்கே நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவதும் எறிவதுமான அமெரிக்க ஃபுட்பால். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும் (ஒரு யார்டு மூன்று அடி). முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளி. பந்தை யாரிடம் எறிவது என்று அந்தக் கணத்தில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். இப்போதைக்கு இது போதும்.

இந்த ஆட்டத்துக்கு உள்ளரங்க வடிவம் கொடுத்தவர் ஜிம் ஃபாஸ்டர். 1981இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது உள்ளே வரலாம் என்றால் ஃபுட்பால் ஏன் வரக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த பழுப்பு உறையின் மேலேயே மைதானத்தை வரைந்துவிட்டார். 1987இல் நான்கு அணிகளோடு அரீனா ஃபுட்பால் லீக் பிறந்தது. எட்டு ஆண்டு கழித்து அதே ஃபாஸ்டர் தொடங்கிய அணிதான் பார்ன்ஸ்டார்மர்ஸ்.

[திரையில்: இரண்டு மைதானங்களும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவுகோலில்.]

சரி, இந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கதை முழுக்க இதில்தான் இருக்கிறது. வெளி மைதானம் 100 யார்டு நீளம், 160 அடி அகலம். உள்ளரங்கில் 50 யார்டு நீளம், 85 அடி அகலம். இரண்டு முனையிலும் எட்டெட்டு யார்டு எண்ட் ஸோன், அதாவது கடைசிக் கோட்டுக்கு அப்பால் டச் டவுன் எடுக்கும் இடம். எல்லாம் கூட்டினால் 198 அடி வரும். ஐஸ் ஹாக்கி களம் 200 அடி. ஆக, ஹாக்கி நடக்கும் இடத்தில் செயற்கைப் புல்லை விரித்தால் மைதானம் தயார். சுற்றியிருக்கும் பலகைச் சுவருக்கு மட்டும் மெத்தை போட வேண்டும், ஆட்கள் ஓடிவந்து மோதுவார்கள்.

வெளியே ஓர் அணிக்கு 11 பேர், இங்கே எட்டுப் பேர். ஆட்கள் கொஞ்சம்தான் குறைகிறார்கள். பரப்போ கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: வெளியே ஒருவருக்குக் கிடைக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இங்கே.

கோல் கம்பங்களின் இருபுறமும் உயரமான வலைகள் உண்டு. எறிந்த பந்து வலையில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது, யாரும் பிடிக்கலாம். தெரு கிரிக்கெட்டில் சுவரில் பட்டு வந்த பந்தைப் பாய்ந்து பிடித்தவர்களுக்கு இந்தச் சுகம் புரியும்.

இன்னொரு விதி: தாக்குபவரில் ஒருவர், முயற்சி தொடங்கி பந்து குவார்ட்டர்பேக்கிடம் வரும் முன்பே முன்னோக்கி ஓடத் தொடங்கலாம். அதாவது முழு வேகத்தில் வருகிறவரைத் தடுப்பவர் நின்ற இடத்திலிருந்து துரத்த வேண்டும். அப்புறம், அந்தக் காலத்தில் குவார்ட்டர்பேக் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் தாக்குதலும் ஆட வேண்டும், தடுப்பும் ஆட வேண்டும் என்று இருந்தது. கடிகாரமும் ஒவ்வொரு பாதியின் கடைசி நிமிடம் தவிர நிற்காமல் ஓடும்.

[திரையில்: கண்ணாடி வரைந்த ஹெல்மெட்.]

பார்ன்ஸ்டார்மர் என்பது 1920களில் ஊர் ஊராகப் பறந்து, வயல்களில் இறங்கி சாகசம் காட்டிய விமானிகளின் பெயர். அதனால் அணியின் ஹெல்மெட்டிலேயே விமானியின் காற்றுக்கண்ணாடியை வரைந்திருந்தார்கள். பயிற்சியாளர் ஜான் கிரெகரி, கனடாவில் 1989இல் சஸ்காட்சுவான் அணிக்கு, அந்நாட்டு ஃபுட்பாலின் சாம்பியன் பட்டமான கிரே கோப்பை வாங்கித் தந்தவர். வெட்டரன்ஸ் ஆடிட்டோரியம் சொந்த அரங்கம். அப்போது சுமார் 11,000 பேர் உட்காரலாம்.

குவார்ட்டர்பேக் யார்? அதே மாநிலத்தில் பர்லிங்டனில் பிறந்த கர்ட் வார்னர். கல்லூரியில் கடைசி ஆண்டில்தான் முதல் பதினொருவரில் இடம் கிடைத்தது. 1994இல், வெளி மைதான ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்குப் போனார். சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டார்கள். கல்லூரி இருந்த ஊரான சீடர் ஃபால்ஸ் திரும்பி, ஹை-வீ சூப்பர் மார்க்கெட்டில் இரவு நேரம் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். சம்பளம் மணிக்கு 5.50 டாலர். அந்த வேலையிலிருந்துதான் பார்ன்ஸ்டார்மர்ஸுக்கு வந்தார்.

வெளி மைதானத்தில் எறியக் கற்றவருக்கு இந்தக் களம் ஒத்துவருவது எளிதில்லை. அங்கே நின்று பார்க்க ஒரு மூச்சு நேரமாவது உண்டு. ஆபத்து வந்தால் பக்கவாட்டில் ஓடலாம். இங்கே ஓடினால் சுவர். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் போய்ச் சேரும் இடத்தை முன்கூட்டியே கணித்து, அவர் அங்கே வருவதற்குள் பந்தை விட்டுவிட வேண்டும். விட்டதும் அடுத்த முறைக்குத் தயாராக வேண்டும். இதையே வாரா வாரம் செய்தார்.

முதல் சீசனின் கணக்கு: 12 ஆட்டம், ஏழு வெற்றி, ஐந்து தோல்வி. கோப்பைக்கான நாக் அவுட் சுற்றான பிளேஆஃப் வரை போய் அணி அரையிறுதியில் நின்றது. வெறும் எண்ணாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்கிய அணிக்கு இது நல்ல சீசன் என்றே நான் சொல்வேன், ஏனென்றால் அடுத்த இரண்டு ஆண்டும் அதே குவார்ட்டர்பேக்கோடு இறுதி ஆட்டத்துக்கே போனார்கள். 1996 இறுதி ஆட்டம் டெமாயினிலேயே நடந்தது. டாம்பா பே 42, ஐயோவா 38. 1997இல் அரிசோனாவிடம் தோல்வி. கோப்பை கிடைக்கவேயில்லை. அந்த அணி 2001இல் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தது; பெயர் மட்டும் பிறகு டெமாயினுக்குத் திரும்பி வந்தது.

[திரையில்: 30 ஜனவரி 2000, அட்லாண்டா, சூப்பர் பௌல்.]

சூப்பர் பௌல் என்பது என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டம். வார்னர் இப்போது செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில். எதிரே டென்னசி டைட்டன்ஸ். 16க்கு 16. மிச்சம் சுமார் இரண்டு நிமிடம்தான். பந்து வார்னர் கைக்கு வருகிறது. பின்னாலேயே ஜெவோன் கியர்ஸ் பாய்ந்து வருகிறார். ஓடித் தப்பவும் நேரமில்லை. கியர்ஸ் மோதும் அதே நொடியில் பந்து வார்னரின் கையை விட்டுப் போகிறது. ஐசக் புரூஸ் ஓட்டத்தைக் குறைத்துத் திரும்பிப் பிடிக்கிறார், ஓடுகிறார். 73 யார்டு டச் டவுன். 23க்கு 16.

[திரையில்: வார்னர் தரையில் கிடக்கிறார். பந்து காற்றில்.]