கண்டவர் சொல்லவேண்டும்

(ரொறன்ரோவில் நவம்பர் 11 நினைவு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர் மன்றத்து அம்மாமாரே, ஐயாமாரே, வணக்கம். மண்டபத்தைக் காசு வாங்காமல் தந்த ஆலய அறங்காவலர்களுக்கும், காலையிலிருந்து கதிரை அடுக்கிய தம்பிமாருக்கும் நன்றி சொல்லாமல் நான் தொடங்கக்கூடாது.

இரண்டு விடயங்கள் பேச வந்தேன். இரண்டாம் உலகப்போரில் பறந்த அன்ட்ரூ மைனார்ஸ்கி என்ற கனடிய விமானப்படை வீரர். பிறகு, நாங்கள் செய்யவேண்டிய வேலை.

‘கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்’ என்பார்கள். கடவுளைப் பற்றிய பேச்சு அது. போருக்கும் அப்படியே பொருந்தும்.

மைனார்ஸ்கி வின்னிபெக் பிள்ளை. போலந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். 1944 ஜூன் 12 இரவு, பிரான்சின் கம்பிரே ரயில் பாதைகளைத் தாக்க, ஏழு பேரோடு அவர்களுடைய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் புறப்படுகிறது. அதற்கு முன் புல்லில் ஒரு நாலிலைக் குளோவர் அவர் கண்ணில் பட்டது. வைத்திருப்பவருக்கு அதிர்ஷ்டம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை வால் பீரங்கிக்காரரான தோழன் புரோஃபியிடம் கொடுத்துவிட்டார்!

நள்ளிரவு தாண்டி ஜெர்மன் விமானம் சுட்டது. இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் போய்விட்டன. உள்ளே தீ. ‘குதியுங்கள்’ என்று விமானியின் உத்தரவு. மைனார்ஸ்கி கதவடிக்கு வந்துவிட்டார். ஓரெட்டு வைத்தால் உயிர் தப்பலாம். திரும்பிப் பார்க்கிறார். வால் கூண்டு திரும்பாமல் இறுகி, புரோஃபி உள்ளே அகப்பட்டிருக்கிறார். கையால் சுழற்றும் பிடியும் முறிந்துவிட்டது. இவர் என்ன செய்தார்? தீக்குள்ளால் தவழ்ந்து போனார், ஐயா! கோடரியால் கொத்தினார். வெறுங்கையால் இழுத்தார். கூண்டு அசையவில்லை. ‘என்னை விட்டுவிட்டுப் போ’ என்று புரோஃபி கை காட்டுகிறார். திரும்பவும் தீக்குள்ளால் பின்னோக்கித் தவழ்ந்து கதவடிக்கு வந்தவர், எரிகிற உடுப்போடு நிமிர்ந்து நின்று தோழனுக்கு சலூட் அடித்தார். அதற்குப் பிறகுதான் குதித்தார். பரசூட்டும் எரிந்தது. பிரெஞ்சு மக்கள் கண்டெடுத்தார்கள். தீக்காயங்களால் இறந்துபோனார். வயது 27.

புரோஃபி? விமானம் தரையில் மோதியபோது வெளியே தூக்கி எறியப்பட்டு உயிர் பிழைத்தார்! மற்ற ஐவரும் தப்பினார்கள்.

அந்தத் தீக்குள் நடந்ததைக் கண்டது புரோஃபி ஒருவர்தான். அவர் வாய் திறந்ததால்தான் 1946இல் மைனார்ஸ்கிக்கு, போர் வீரத்துக்கான மிக உயர்ந்த விக்டோரியா சிலுவைப் பதக்கம். ஹமில்ட்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் பறக்கும் லங்காஸ்டருக்கு மைனார்ஸ்கியின் பெயர். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் மாண்டவர்கள் 55,573 பேர். அவர்களில் எத்தனை மைனார்ஸ்கிகளோ! கண்டவரும் கூடவே எரிந்துபோனார். கண்டவர் விண்டிலர்.

நாங்களோ ஈழத்தில் குண்டு விழுந்த பக்கத்துச் சனம். பங்கருக்குள் பிள்ளையை மடியில் அமத்திக்கொண்டு, விமானச் சத்தத்தை வைத்தே ‘இது பொம்மர், இது கிபிர்’ என்று பிரித்துச் சொன்ன அம்மாமார் இந்த முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களிடம் யார் கேட்டோம்? பேரப்பிள்ளைக்கும் தெரியாது. கண்டவர்கள் விள்ளத் தயார். கேட்கத்தான் ஆளில்லை. மாதம் தவறாமல் மரண அறிவித்தல் வருகிறது. ஒவ்வொன்றோடும் ஒரு சாட்சியம் போகிறது. இனியும் பொறுக்கேலாது.

நகரசபை உறுப்பினர் அவர்களே, நூலகத்தில் எங்களுக்கு ஓர் அறையும் ஓர் அலுமாரியும் பெற்றுத் தாருங்கள். பிள்ளைகளே, உங்கள் கைபேசியே போதும். ஊர், ஆண்டு, யார் கூட இருந்தார்கள் என்று கேளுங்கள். அழுதால் நிறுத்துங்கள், இன்னொரு நாள் போங்கள். வாசலில் கொப்பியோடு இரண்டு பேர் இருக்கிறார்கள். தேநீருக்குப் போகுமுன் உங்கள் வீட்டு மூத்தவரின் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.