தாயின் அயடீனும் பிறந்த பிள்ளையின் தைரொயிட்டும்

[காட்சி: நிலாவெளி உப்பளம்]

குரல்: கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி ஓமோன் செய்ய அயடீன் வேண்டும். கடல் உப்பில் அயடீன் தானாகவே இருக்கும் என்று திருகோணமலையில் நம்புபவர்கள் உண்டு. இல்லை. கடல்நீர் வற்றி உப்பாகும்போது அயடீன் மிகச் சொற்பமே தங்கும். பிறகு சேர்த்தால்தான் உண்டு. இலங்கையில் 1995இல் அது சட்டமானது. ஆகவே கருவாட்டுக்கு வாங்கும் அயடீன் சேர்க்காத கல்லுப்பைக் கறிக்குப் போடாதீர்கள்.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயடீன் வேண்டும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயடீன் உள்ள உப்பில் 5 கிராம் சாப்பிட்டால் 75தான் கிடைக்கும். மீதிக்கு மீன், முட்டை, பால். உப்பை அள்ளிப் போடுவது வழியல்ல, அது பிரஷரில் போய் முடியும்.

[காட்சி: மண்ணிறப் போத்தல், பஞ்சு]

குறைவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கூடுதலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. புண் துடைக்கும் 10 சதவீத பொவிடோன் அயடீனில் ஒரு மில்லிலீற்றருக்குள் சுமார் 10 மில்லிகிராம் அயடீன். அதாவது தாய்க்கு 40 நாளுக்கான அளவு! அத்தனையும் உடம்புக்குள் போகாது. ஆனாலும் சிசேரியன் காயம், தையல் போட்ட இடம், பிறப்புறுப்பு வழியாக நிறையவே உறிஞ்சப்படும். பிறகு தாய்ப்பாலில் செறிந்து பிள்ளைக்குப் போகும்.

அயடீன் திடீரென்று குவிந்தால் தைரொயிட் ஓமோன் சுரப்பதையே நிறுத்திவிடும். வொல்ஃப், சைகொஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1948இல் விவரித்த விளைவு இது. பெரியவர்களின் சுரப்பி சில நாட்களில் சுதாரித்துக்கொள்ளும். அந்தத் திறன் சிசுவுக்குக் கர்ப்பத்தின் ஏறக்குறைய 36ஆவது வாரத்தில்தான் முதிர்கிறது. குறைமாதப் பிள்ளைகள்தான் அதிகம் அடிபடுவது இதனால்தான்.

எனவே தொப்புள்கொடியில் அயடீன் பூச வேண்டாம், சுத்தமாக, உலர்வாக விட்டாலே போதும். தாயின் காயத்துக்கு வீட்டில் தினமும் அயடீன் போடச் சொல்லியிருந்தால், குளோரெக்சிடீன் போன்ற வேறு மருந்து போடலாமா என்று கேளுங்கள். நிறுத்த வேண்டியது காயத்துக்குப் போடும் அயடீனை, தாய்ப்பாலை அல்ல.

[காட்சி: குதிக்காலில் ஊசி, தாளில் இரத்தத் துளி]

ரீஎஸ்எச் பார்க்கும் இரத்தம் இது. ரீஎஸ்எச் என்பது தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன், தைரொயிட் குறைந்தால் அது ஏறும். பிறந்தவுடன் ரீஎஸ்எச் இயல்பாகவே எகிறும், அதனால் 24 மணித்தியாலத்துக்கு முன் எடுத்தால் தவறாக வழிகாட்டும். 48 முதல் 72 மணித்தியாலம் நல்ல நேரம். அயடீன் பாவித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். குறைமாதப் பிள்ளைக்குச் சில வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். முதல் தடவை சரியாக இருந்து பிறகு ஏறுவதும் உண்டு.

தைரொயிட் குறைந்த பிள்ளைக்கு வெளியில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். நீடிக்கும் மஞ்சள், மலச்சிக்கல், கரகரத்த அழுகை, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருப்பது எல்லாம் பிந்தித்தான் வரும்.

மருந்து, குறைந்த தைரொயிட் ஓமோனை ஈடுசெய்யும் லீவோதைரொக்சின். வழமையாக நாளொன்றுக்கு, பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம், முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். குளிசையை நொறுக்கி, கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்துக் கரண்டியால் கொடுங்கள். முழுப் போத்தல் பாலில் கலந்தால், மிச்சம் விடும் பாலோடு மருந்தும் போய்விடும். இரும்புச் சத்து, கல்சியம் மருந்துகளுக்கு 4 மணித்தியால இடைவெளி விடுங்கள். அயடீனால் வந்த குறை பெரும்பாலும் தற்காலிகமானது, ஆனால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்திப் பார்ப்பது என்பதை இரத்தப் பரிசோதனையை வைத்து வைத்தியர் முடிவுசெய்வார். சிலருக்கு அது 3 வயது வரை போகும்.