பருவமடைவதற்கு முன் விந்தகத்தில் நடப்பது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பருவமடையும்வரை சிறுவனின் விந்தகத்தில் எதுவும் நடப்பதில்லை என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருப்பதால், அங்குள்ள இனச்செல்களின் மைட்டோகாண்ட்ரியா அடையும் மாற்றத்தைப் பற்றி மட்டுமே இன்று பேச விரும்புகிறேன்.

இதைப் பெரிதும் சுண்டெலிக் குட்டிகளைக் கொண்டே அறிந்திருக்கிறோம். குட்டி பிறந்த ஒரு வாரத்துக்குள், விந்தணுவாக வளரவிருக்கும் தொடக்கநிலைச் செல்களான ஸ்பெர்மட்டோகோனியா தோன்றிவிடுகின்றன. 10ஆம் நாள் வாக்கில் அவற்றின் முதல் தொகுதி, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்புக்குள் நுழைந்து, 14ஆம் நாள் வாக்கில் அப்பகுப்பில் ஒத்த குரோமோசோம்கள் இணைந்திருக்கும் பாக்கிட்டீன் நிலையை எட்டுகிறது. வளர்ந்த எலியில் எல்லா நிலைச் செல்களும் கலந்திருக்கும். குட்டியிலோ முதல் அலை ஏறக்குறைய ஒன்றாகவே முன்னேறுவதால், எந்தச் செல் கிடைக்கும் என்பதை வயதைக் கொண்டே சொல்லிவிடலாம்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஸ்பெர்மட்டோகோனியாவின் மைட்டோகாண்ட்ரியா உடலின் மற்றச் செல்களில் உள்ளவை போலவே தட்டையான உள்மடிப்புகளுடன் இருக்கும். குன்றல் பகுப்பு முன்னேற முன்னேற அம்மடிப்புகளின் உள்ளிடம் உப்பி விரிகிறது; மைட்டோகாண்ட்ரியா கொத்துக் கொத்தாகச் சேர, அவற்றின் இடுக்குகளில் செங்கற்களுக்கு நடுவே சாந்து போலக் கரிய பொருள் ஒன்று படிகிறது. இந்தப் பொருளையே நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். மரபணுத்தொகுதிக்குள் இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகளை அடக்கிவைக்கும் பை-ஆர்.என்.ஏ. என்னும் சிறு ஆர்.என்.ஏ.க்களை உருவாக்கும் புரதங்கள் அங்கேதான் கூடுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் உள்ள பி.எல்.டி.6 என்னும் புரதம் இல்லாத ஆண் எலிகளில் அத்துண்டுகள் கட்டவிழ்ந்து, குன்றல் பகுப்பு பாதியிலேயே நின்று, விந்தணு உருவாகாமல் போவது 2011இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. ஆற்றல் தருவதோடு மைட்டோகாண்ட்ரியாவின் பணி முடிகிறது என்று சொல்ல இனி இடமில்லை.

எரிபொருளும் மாறுகிறது. ஸ்பெர்மட்டோகோனியா பெரும்பாலும் குளுக்கோசைச் சிதைத்தே ஆற்றல் பெறுகின்றன. குன்றல் பகுப்பில் இறங்கிய செல்களோ, இரத்தத்திலுள்ள பொருள்கள் நேரே வந்து சேராதபடி தடுக்கும் இரத்த-விந்தகத் தடுப்புக்கு அப்பால் சென்றுவிடுவதால், அவற்றைப் பேணும் துணைச்செல்களான செர்டோலி செல்கள் அளிக்கும் லாக்டேட்டை மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனேற்றம் செய்தாக வேண்டும். அதற்கு வேண்டிய பைருவேட் டீஹைட்ரஜனேஸ் நொதியின் ஓர் அலகுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பாக்கிட்டீன் நிலையில் அந்தக் குரோமோசோமே அடக்கப்பட்டுவிடுகிறது. மனிதரில் 4ஆம் குரோமோசோமில் உள்ள பி.டி.எச்.ஏ.2 என்னும் மரபணு அப்போது பொறுப்பேற்கிறது.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறவிருக்கும் சிறுவர்களிடம் விந்தணு இன்னும் உருவாகியிராததால், சில மருத்துவமனைகளில் அவர்களுடைய விந்தகத் திசுவையே முன்கூட்டி எடுத்து உறைய வைக்கிறார்கள். பருவமடையாத ரீசஸ் குரங்கிடமிருந்து எடுத்து உறைய வைத்த திசுவை அதே குரங்கின் தோலுக்கடியில் பொருத்தி, அதில் விளைந்த விந்தணுவைக் கொண்டு குட்டி பிறந்த செய்தி 2019இல் வெளியாயிற்று. எனவே உறைநிலையிலிருந்து மீண்ட திசுவை மதிப்பிடுவோர், உயிரோடுள்ள செல்களை எண்ணுவதோடு நில்லாமல், அவற்றின் மைட்டோகாண்ட்ரியா இந்த மாற்றத்தைத் தொடங்குகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.