அக்ரி காலேஜில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "அக்கா, விவசாயம் பார்க்க டிகிரி எதற்கு? நாலு வருஷம் அங்கே என்ன பண்ணுவீங்க?"

முதலில் அட்மிஷன் விவரத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. அக்ரி நான்கு வருடப் படிப்பு. நீட் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இங்கேயும் உண்டு. தகுதி இருப்பவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது நான் நிற்பது கோவை வளாகத்தின் நெல் வயல் பக்கம். சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் ஆரம்பித்த பள்ளி இது. 1906-ல் கோவைக்கு வந்தது, 1971-ல் பல்கலைக்கழகமானது. எம்.எஸ். சுவாமிநாதன் இங்கே படித்தவர்தான். ஆனால் இதையெல்லாம் எந்த இணையதளத்திலும் படித்துக்கொள்ளலாம். நான் காட்ட வந்தது இந்தப் பெட்டியை.

கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், பாருங்கள். இது இன்செக்ட் பாக்ஸ். பூச்சியியல் பாடத்துக்கு ஒவ்வொருவரும் வலையை எடுத்துக்கொண்டு வயல், தோட்டம், விடுதி விளக்கடி என்று அலைந்து பூச்சி பிடிக்க வேண்டும். இந்த வண்டைக் கவனியுங்கள். ஊசி நடுவில் இல்லை, வலது இறக்கையில் குத்தியிருக்கிறது. வண்டு என்றால் எப்போதும் வலது பக்கம்தான். நடுவில் குத்தினால், இனம் கண்டுபிடிக்க உதவும் அடையாளங்கள் சிதைந்துவிடும். பட்டாம்பூச்சிக்கு மார்பின் நடுவில். கீழே சின்னச் சீட்டில் ஊர், தேதி, எந்தப் பயிரில் பிடித்தது, பிடித்தவர் பெயர். சீட்டு இல்லாத பூச்சிக்கு மதிப்பே இல்லை.

இதற்கு இவ்வளவு நேரமா என்று தோன்றலாம். நெல் வயலில் வலை வீசிப் பிடித்ததைப் பிரித்து அடுக்கும்போதுதான் ஒன்று புரியும். வலையில் விழுவதெல்லாம் பயிரைத் தின்ன வந்தவை இல்லை. தட்டான், பொறிவண்டு, சின்னச் சின்னக் குளவி எல்லாம் நம் பக்கம். எது யார் பக்கம் என்று தெரியாமல் மருந்து அடித்தால் முதலில் சாவது நம் பக்கத்து ஆள்தான்.

அப்புறம், கடைசி வருடத்தில் கிராமத்தில் தங்கிப் படிக்கும் பகுதி வரும். ராவே என்று சொல்வோம். நான் போனது கோபிச்செட்டிபாளையம் பக்கம், வாய்க்கால் பாசன நெல். அங்கே ஒரு பெரியவர், "அம்மிணி, புகையான் வந்துருச்சு, இன்னைக்கே மருந்து அடிச்சுடட்டுமா?" என்று கேட்டார். கையில் பாட்டிலும் இருந்தது. "ஐயா, ஒரு தடவை எண்ணிப் பார்த்துடலாமுங்க" என்றேன்.

புகையான் என்பது நெல்லின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி. அது இலையில் உட்காராது. ஒரே இடத்தில் நட்ட நெல் கொத்துதான் குத்து, அதில் கிளைக்கும் ஒவ்வொரு தண்டும் ஒரு தூர். தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே புகையான் இருக்கும். குத்தை லேசாகச் சாய்த்து அடியில் தட்டினால் பழுப்பு நிறத்தில் தண்ணீரில் விழும். தூருக்கு ஒன்று என்ற அளவு வந்தால்தான் மருந்து. ஆனால் புகையானைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால், தூருக்கு இரண்டு வரும்வரை பொறுக்கலாம். ஒரே ஒரு சிலந்தி இருந்தால் கணக்கே மாறிவிடுகிறது, பாருங்கள்! எனக்கு இந்தப் படிப்பிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்த வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து இரண்டு பேரும் எண்ணினோம். தூருக்கு ஒன்றுகூட வரவில்லை. சிலந்தி நிறையவே இருந்தது. தண்ணீரை வடித்துவிட்டு, அடுத்த யூரியாவைத் தள்ளிப் போடச் சொன்னேன். தழைச்சத்து கூடிப்போனால் புகையான் பெருகும், தேங்கிய தண்ணீரும் அதற்குத் தோது. அவர் வைத்திருந்தது பைரித்ராய்டு வகை மருந்து. அதை அடித்தால் சிலந்தி போய்விடும். இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டையோ தப்பித்துக்கொள்ளும். பிறகு முன்பைவிட அதிகமாகவே கிளம்பும். இதைச் சொன்னதும் அவரே பாட்டிலை வரப்பில் வைத்துவிட்டு, "அப்போ எத்தனை நாளைக்கொருக்கா எண்ணோணும்?" என்று கேட்டார். வாரம் ஒருமுறையாவது பாருங்கள் என்றேன்.

ஆக, "விவசாயிக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். அவருடைய மண்ணும் தண்ணீரும் அவருக்குத்தான் தெரியும். எண்ணும் முறையும் அதன் காரணமும் நமக்குத் தெரியும். இரண்டும் ஒரே வரப்பில் நிற்க வேண்டும். அதற்குத்தான் அரசு இவ்வளவு நிலத்தையும் ஆய்வகத்தையும் குறைந்த கட்டணத்தில் நமக்குத் திறந்து வைத்திருக்கிறது.

வேலை பற்றிக் கேட்டவர்களுக்கு: வேளாண்மைத் துறையில் அலுவலர் பணி, வங்கியில் வேளாண் அலுவலர் பணி, விதை நிறுவனங்கள், மேற்படிப்பு எல்லாம் இருக்கின்றன. அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன். கோவை கிடைக்கவில்லையே என்று மட்டும் சீட்டை விட்டுவிடாதீர்கள். மதுரை, திருச்சி, கிள்ளிகுளம் எல்லாமே இதே பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள்தான். சாய்ஸ் எப்படிப் போடுவது என்பதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.