பாடப்பட்டவளும் காணாமல்போன பதினாறு பக்கமும்

வணக்கம் நண்பர்களே. மழைச் சத்தம் கேட்கிறதா? தக்கலையில் காலையிலிருந்து விடவே இல்லை. அதனால் இன்று மொட்டைமாடி கிடையாது, திண்ணைதான்.

போன வீடியோவில் பாதியில் நிறுத்தியிருந்தேனே, அந்த நாவலை முடித்துவிட்டேன். இதோ, அட்டையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். 304ஆம் பக்கம் வரை ஒழுங்காக வருகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் மறுபடியும் 289! அதே பதினாறு பக்கம் இன்னொரு முறை. அது முடிந்ததும் நேராக 321. ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கிற பதினாறு பக்கம், இரட்டித்திருக்கிறது, அடுத்த பாரம் வரவே இல்லை. 799 ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தகம். விற்ற கடைக்குப் போன் செய்தால், ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள். 305ஆம் பக்கம் இல்லை என்பது 304ஐ வாசித்த பிறகுதானே தெரியும்? இது அநியாயம். உங்களில் யாராவது இதை வாங்கியிருந்தால், இன்றைக்கே அந்த இடத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகள், பெரும்பாலும் பதினான்கு வரிக் கவிதைகள், 1609இல் அச்சாயின. அவற்றில் 127ஆம் பாடலிலிருந்து ஒருத்தி வருகிறாள். கருங்கூந்தல், கருவிழி. பெயர் எங்குமே இல்லை. யார் யாரையோ சொல்லிப் பார்த்தார்கள். 1973இல் ஏ. எல். ரௌஸ் என்ற வரலாற்றாசிரியர், அவள் எமிலியா லானியர்தான் என்று அடித்துச் சொன்னார். உறுதியான சான்று கிடையாது. ஆனாலும் இந்த நாவல் எமிலியாவையே நாயகியாக்கி, மேலே ஒரு மாயத்தையும் வைக்கிறது. கவிஞர் அவளைப் பற்றி எதை எழுதினாலும், அது அவளை விட்டுப் போய்விடும். 128ஆம் பாடலில், அவள் விரல் படுகிற இசைக்கருவியின் கட்டைகளைப் பார்த்து அவர் பொறாமைப்படுவார் இல்லையா? நாவலில் மறுநாள் அவள் விரல்கள் மரத்துப்போகின்றன. அரண்மனை இசைக்கலைஞரின் மகள், ஒரு சுரம்கூட வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

பிறகு 130ஆம் பாடல். அவள் கண் சூரியன் இல்லை, உதடு பவளத்தின் சிவப்பு இல்லை, நடந்தால் கால் தரையில்தான் படுகிறது என்று உவமைகளையெல்லாம் தள்ளிவிட்டு எழுதுகிறார். அன்றிரவு, ஏற்கெனவே போயிருந்த அவளுடைய கண் அவளுக்குத் திரும்பி வருகிறது. இந்த ஓர் இடத்துக்காகவே 799 கொடுக்கலாம்.

பேசும் காக்கை ஒன்று வருகிறது, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. சொல்ல மறந்துவிட்டேன், நாவலில் வரும் சோதிடர் சைமன் ஃபோர்மன் உண்மையில் வாழ்ந்தவர். 1597இல் எமிலியா, கணவனுக்கு ‘சர்’ பட்டம் கிடைக்குமா என்று அவரிடம் கேட்கப் போனது அவருடைய குறிப்புகளிலேயே இருக்கிறது. இப்படி ஓர் ஆள் இருக்கும்போது காக்கை எதற்கு?

ஆனால் இதைவிடப் பெரிய கோபம் எனக்கு வேறொன்றில் இருக்கிறது. யார் அவள், யார் அவள் என்று துப்புத் துலக்குகிறார்களே, அவள் என்ன சொன்னாள் என்று ஏன் கேட்பதில்லை? நம் அகப்பாடலில் தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதித்துவிட்டது. பெயர் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறது. கன்னியாகுமரியில் படகில் போகிறவர்கள் வள்ளுவர் சிலை 133 அடி, குறளின் அதிகாரத்துக்கு ஓர் அடி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 38 அடி பீடம் அறத்துப்பால். மேலே உள்ள 95 அடியில் 25 அடி இன்பத்துப்பாலின் கணக்கு. அங்கே பெரும்பாலும் பேசுவது பெண்தான். கண்விதுப்பழிதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள், தன் கண்ணையே திட்டுகிறாள்: அன்றைக்கு அவனைக் காட்டியதும் நீங்கள்தானே, இப்போது எதற்கு அழுகிறீர்கள் என்று. அவள் கண்ணைப் பற்றி அவளே பேசுகிறாள்!

காணாமல்போன பதினாறு பக்கத்தில் இருந்ததும் இதுதான், நண்பர்களே. 1611இல் எமிலியா தன் பெயரிலேயே ஒரு கவிதை நூலை அச்சுக்குக் கொடுத்தாள். இது வரலாறு. அந்த அத்தியாயம்தான் எனக்கு வராமல் போயிருந்தது. விடுவேனா? திருவனந்தபுரத்தில் இருக்கும் என் மைனி, அதாவது அண்ணி, அங்கே ஒரு நூலகத்தில் இதே நாவலைத் தேடிப் பிடித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினார்கள். 312இல் கட்டைவிரல் ஒரு வரியை மறைத்துவிட்டது. கேட்டதும் மறுபடி எடுத்து அனுப்பினார்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய், மொத்தம் 32 ரூபாய்க்குப் பிரிண்ட் எடுத்து, ஓரத்தை வெட்டி, மைதாப் பசையால் அந்த இரட்டித்த பக்கங்கள் மேலேயே ஒட்டிவிட்டேன். பாருங்கள், இந்த இடம் மட்டும் தடிப்பாக இருக்கிறது. எண் வரிசை இப்போது சரி. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

அச்சுக்கூடத்தில் முதல் தாள் ஈரமாக வெளியே வரும்போது அவள் விரலுக்கு உணர்ச்சி திரும்புகிறது. அந்த உண்மையான நூலில் ஏவாளுக்காக வாதாடும் ஒரு பகுதி உண்டு. ஆதாம்தானே வலிமையானவன், அப்படியென்றால் பெரிய பழி யார்மேல் விழ வேண்டும் என்று கேட்கிறாள். அதை அடுத்த வீடியோவில் வரிவரியாக, பொருள் சொல்லி வாசிக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை வந்துவிடுங்கள்.