அக்மாத்தில் ஓர் அரசன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி வீழ்ந்த கதை என்றதும் பலருக்கும் 1492-ஆம் ஆண்டும் கிரனாடாவின் கடைசி சுல்தானும்தான் நினைவுக்கு வருவார்கள். அதற்கு நானூறு ஆண்டுகள் முந்தைய ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். செவில் நகரை ஆண்ட அப்பாத் வம்சத்தின் மூன்றாவது அரசர் முஃதமித். அவரோடு அந்த வம்சத்தின் ஆட்சி முடிந்தது. 1069 முதல் 1091 வரை அரியணையில் இருந்தார். அதன்பின் நான்கே ஆண்டுகள்தான் வாழ்ந்தார், அதுவும் மொராக்கோவில், காலில் விலங்கோடு. அவர் பாட்டுகளில் நெஞ்சை விட்டுப் போகாதவை அந்த நான்கு ஆண்டுகளில் பிறந்தவை.

குர்துபா நகரிலிருந்து நடந்த கிலாஃபத், அதாவது கலீஃபாவின் ஆட்சி, 1031-இல் கலைந்தது. ஸ்பெயினின் முஸ்லிம் நிலம் முழுதும் துண்டு துண்டாயிற்று. ஊருக்கொரு அரசர், அரசருக்கொரு படை. செவிலின் காழியாக, அதாவது நீதிபதியாக, இருந்த முஃதமித்தின் பாட்டனார் ஏற்கெனவே நகரத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்திருந்தார். அப்பா முஃததித் அக்கம்பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கினார். வென்ற எதிரிகளின் மண்டையோடுகளில் பூச்செடி நட்டுத் தோட்டத்தில் வைத்திருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அப்படிப்பட்டவரின் மகன் கவிஞராக வளர்ந்தார்.

இளவரசராக இருந்தபோது இப்னு அம்மார் என்ற ஏழைக் கவிஞர் அவருக்கு உயிர் நண்பரானார். ஒருநாள் இருவரும் ஆற்றங்கரையில் உலாவுகிறார்கள். காற்றில் தண்ணீர் சுருங்கிச் சுருங்கி மின்னுகிறது. காற்று நீரின்மேல் கவசம் நெய்திருக்கிறது என்று இளவரசர் பாதி அடி பாடி, மீதியை நண்பரிடம் கேட்டார். நண்பருக்கு வரவில்லை. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அடிமைப் பெண், அது உறைந்துவிட்டால் போருக்கு எவ்வளவு நல்ல கவசம் என்று முடித்துவிட்டாள். அவள்தான் இஃதிமாத். முஃதமித் அவளையே மணந்துகொண்டார்.

அரசியான பிறகு இஃதிமாத் ஒருநாள் அரண்மனை ஜன்னலில் நின்று பார்க்கிறாள். கீழே பெண்கள் முழங்கால் வரை துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேறு மிதிக்கிறார்கள். தனக்கும் மிதிக்க வேண்டும் என்று ஆசை. முஃதமித் என்ன செய்தார் தெரியுமா? கஸ்தூரி, கற்பூரம், அம்பர் எல்லாவற்றையும் பொடித்து, பன்னீர் விட்டுக் குழைத்து, முற்றத்தில் சேறாகப் பரப்பச் சொன்னார். அரசியும் பெண்மக்களும் வெறுங்காலோடு அதில் இறங்கி மிதித்தார்கள். இந்தச் சேறு பின்னால் ஒரு பாட்டில் வரும்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? அதே கஜானாவிலிருந்துதான் வடக்கே காஸ்டீலின் கிறிஸ்தவ அரசர் ஆறாம் அல்ஃபோன்சோவுக்கு ஆண்டுதோறும் கப்பமும் போயிற்று. இந்தச் சிற்றரசர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதற்கே அவருடைய தயவை நாடினார்கள். அதற்குப் பொன் கொடுத்தார்கள். பொன்னுக்காகக் குடிகள்மேல் வரி போட்டார்கள், மார்க்கம் அனுமதிக்காத வரிகளையும் சேர்த்து. முஃதமித்தின் வீழ்ச்சிக்கு எல்லோரும் மொராக்கோப் படை ஸ்பெயினுக்கு வந்த 1086-ஐக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் அது இந்த வரிப்பணத்தில்தான் தொடங்குகிறது. சந்தையில் வரி கட்டியவனுக்கு அரண்மனைப் பாட்டு சோறு போடவில்லை.

1085-இல் தொலேடோ அல்ஃபோன்சோ கைக்குப் போனது. அடுத்தது செவில் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடலுக்கு அப்பால் மொராக்கோவில், அங்கே ஆண்ட முராபித்துகள் என்ற வம்சத்தின் தலைவர் யூசுஃப் இப்னு தாஷுஃபீன் பெரும்படையோடு இருந்தார். கம்பளி உடுத்தி, எளிய உணவு உண்ட பாலைவன மனிதர். அவரை அழைக்கலாமா? நம் அரசை அவர் எடுத்துக்கொள்வாரே என்று மகன் ரஷீத் எச்சரித்தார். காஸ்டீலில் பன்றி மேய்ப்பதைவிட ஆப்பிரிக்காவில் ஒட்டகம் மேய்ப்பதே மேல் என்று முஃதமித் பதில் சொன்னதாக வரலாறு சொல்கிறது. விவரம் தெரியாமல் ஏமாந்தவர் என்று அவரைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அரியணை போகும் என்று தெரிந்தேதான் அழைத்தார்.

1086 அக்டோபர் 23, வெள்ளிக்கிழமை. பாதஹோஸ் அருகே ஸல்லாகா என்னுமிடத்தில் போர். காஸ்டீல் குதிரைப்படையின் முதல் அடி ஸ்பெயின் முஸ்லிம் படைகள்மேல் விழுந்தது. மற்ற சிற்றரசர்களின் ஆட்கள் சிதறி ஓடினார்கள். காயம்பட்டும் முஃதமித் இடத்தைவிட்டு நகரவில்லை. அதற்குள் யூசுஃபின் படை சுற்றிவந்து பின்னால் இருந்த காஸ்டீல் பாசறையைத் தாக்கியது. அல்ஃபோன்சோ தொடையில் காயத்தோடு தப்பினார்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூசுஃப் திரும்பிப்போனார், மறுபடி வந்தார். இந்த அரசர்களின் வரிகளும் கேளிக்கையும் மார்க்கத்துக்கு விரோதம், அவர்களை நீக்கலாம் என்று மார்க்க அறிஞர்கள் ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தார்கள். 1090-இல் கிரனாடா யூசுஃபின் கைக்குப் போயிற்று. 1091 மார்ச்சில் குர்துபா போயிற்று, அதைக் காத்த மகன் கொல்லப்பட்டார். கடைசியில் முஃதமித் அல்ஃபோன்சோவிடமே உதவி கேட்டார். அந்தப் படையும் வழியில் முறியடிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் செவில். கவசம்கூட அணியாமல் வாளோடு வாசலில் பாய்ந்து சண்டையிட்டார். மாலிக் என்ற மகன் கண்முன்னே செத்தார். ரோந்தா கோட்டையில் இருந்த ராழி என்ற மகன், தந்தை எழுதிய கடிதத்தை நம்பிச் சரணடைந்தார். சரணடைந்த பிறகு அவரைக் கொன்றார்கள்.

அரச குடும்பத்தைக் கப்பலில் ஏற்றியபோது செவில் மக்கள் ஆற்றின் இரு கரையிலும் கூடி அழுதார்கள். எல்லாவற்றையும் மறந்தாலும் அந்த ஆற்றங்கரைக் காலையை மறக்கமாட்டேன், கப்பல்களில் அவர்கள் கல்லறையில் கிடப்பவர்களைப்போல இருந்தார்கள் என்று பாடினார் அவருடைய அரசவைக் கவிஞர் இப்னு அல்-லப்பானா. வரியால் நொந்த அதே மக்கள்தான் அழுதார்கள்.

தாஞ்சியரில் இறங்கியதும் ஹுஸ்ரி என்ற கவிஞர் ஒரு பாட்டோடு வந்து பரிசு கேட்டார். கைதியிடம்! முஃதமித் காலணிக்குள் ஒளித்து வைத்திருந்த பொற்காசுகளை எடுத்தார். காலில் இருந்த காயத்தின் இரத்தம் காசுகளில் ஒட்டியிருந்தது. இவ்வளவுதான் இருக்கிறது, குறைவுக்கு மன்னிக்க வேண்டும் என்று ஒரு செய்யுளும் சேர்த்து அனுப்பினார். ஹுஸ்ரியிடமிருந்து பதில் செய்யுள்கூட வரவில்லை.

மராகேஷ் அருகே அக்மாத் என்ற ஊரில் அடைத்தார்கள். அங்கே ஒரு பெருநாள் வந்தது. பெண்மக்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். அரசனின் மகள்கள் ஊராருக்கு நூல் நூற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். கிழிந்த துணி, பசித்த முகம், வெறுங்கால். அன்று அவர் எழுதிய பாட்டின் பொருள் இது: முன்பெல்லாம் பெருநாள் உனக்கு மகிழ்ச்சி தந்தது, இன்று அக்மாத்தில் சிறைப்பட்டவனாக உன்னைக் கண்டு வருந்துகிறது, உன் பெண்மக்கள் வெறுங்காலோடு சேற்றை மிதிக்கிறார்கள், கஸ்தூரியும் கற்பூரமும் ஒருநாளும் மிதிக்காதவர்களைப்போல.

இந்த ஒரு அடிக்கு நிகராக அரண்மனையில் அவர் எழுதியது எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அங்கே எழுதியவை அழகானவை, தேர்ந்தவை. இங்கே எழுதியவற்றில் ஒளித்துவைக்க எதுவுமில்லை. சிறைக்கு மேலே பறந்துபோகும் பறவைக் கூட்டத்தைப் பார்த்து எழுதுகிறார். அவற்றின்மேல் பொறாமை இல்லை என்கிறார்; இறைவன் அவற்றின் குஞ்சுகளைக் காக்கட்டும், என் குஞ்சுகளைத் தண்ணீரும் நிழலும் கைவிட்டன என்கிறார். காலில் கிடக்கும் விலங்கோடு பேசுகிறார்: நான் முஸ்லிம் என்று தெரியாதா உனக்கு, சின்ன மகன் உன்னைக் கண்டால் நெஞ்சு உடைந்துபோவானே என்கிறார்.

அவரை அப்பழுக்கற்றவராக்க எனக்கு விருப்பமில்லை. உயிர் நண்பர் இப்னு அம்மார் பின்னாளில் துரோகம் செய்து, இஃதிமாத்தையும் இழித்துப் பாடினார். பிடிபட்டவரை முதலில் மன்னிப்பதுபோல் இருந்துவிட்டு, கோடரியை எடுத்து முஃதமித் தம் கையாலேயே வெட்டிக்கொன்றார். மண்டையோட்டில் பூ வளர்த்த அப்பாவின் மகன்தான். அந்தக் கையும் அக்மாத் பாட்டை எழுதிய கையும் ஒன்று. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இஃதிமாத் முன்னே போனாள். 1095-இல் முஃதமித்தும் மவுத்தானார். ஊரில் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு அழைத்தவர்கள் அரசர் என்று சொல்லவில்லை, அந்நியர் ஒருவருக்குத் தொழுகை என்றுதான் கூவினார்கள். பின்பு ஒரு பெருநாளன்று அவருடைய பழைய கவிஞர்களில் ஒருவரான அப்துஸ் ஸமது வந்து, மண்ணை முத்தமிட்டு, நீண்ட இரங்கற்பாவைக் கல்லறைமுன் பாடினார். கூடிநின்ற ஊரார் அழுதார்கள். 14-ஆம் நூற்றாண்டில் கிரனாடா வஸீர் (அமைச்சர்) இப்னு அல்-கதீப், தாமே நாடிழந்து மொராக்கோவில் இருந்த காலத்தில், அந்தக் கல்லறையைத் தேடிப்போய்ப் பாடினார்.

மராகேஷிலிருந்து தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் அக்மாத் இருக்கிறது. கல்லறைக்கு மேல் இப்போது ஒரு குவிமாடம் கட்டியிருக்கிறார்கள். மொராக்கோவுக்குச் சுற்றுலா போகும் நேயர்கள் ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். இஃதிமாத்தின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.